சாம்பல் முகத்தாள்

14

அடி விழுந்த பிறகும் லில்லி அழவில்லை. அம்மா ஜெயசித்ராவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் இன்னும் ஒன்று வைத்தாள். முழங்கைக்கு மேலே பட்டது. லில்லி அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள். கண் மட்டும் காய்ந்தே இருந்தது.

“சொல்லுவியா மாட்டியா?”

“இன்னான்னு சொல்றது?”

“தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு.”

“இன்னா தப்பு பண்ணேன்?”

பதில் இல்லாத இடத்தில் கைதான் முந்தும். முந்தியது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்தது அதற்குள் ஊரிலும் காலனியிலும் பேச்சாகிவிட்டது. ஏழாம் வகுப்பு படிக்கும் லில்லி ஒரு கதை எழுதியிருந்தாள். ஏரிக்கு அந்தக் கரையில் சாம்பல் முகத்தார் என்று ஒரு சனம். அவர்கள் பார்வை பட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று நகரத்துக்காரர்களுக்கு நம்பிக்கை. மலையிலிருந்து நெருப்பு மிருகம் இறங்கி வந்து நகரத்தை வளைத்துக்கொண்டபோது சேனை ஓடிப்போகிறது. சாம்பல் முகத்துப் பெண் ஒருத்திதான் அதன் எதிரே போய் நிற்கிறாள். கடைசியில் ராணி அரண்மனைப் படியிறங்கி வந்து, ‘உன் கையைக் கொடு’ என்று அவளிடம் கேட்கவேண்டும். ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாகப் போடலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். லில்லிதான் சாம்பல் முகத்தாள். ராணி, அவள் சிநேகிதி ஜெயசுதா.

ஜெயசுதா, கரும்பும் நெல்லும் வைத்திருக்கும் சிவப்பிரகாசத்தின் பேத்தி. அவளுடைய அப்பா தமிழ்க்குமரன் ஒத்திகை நடுவில் உள்ளே வந்து நின்றான்.

“எம் பொண்ணு எறங்கி வந்து இவகிட்ட கை நீட்டணுமா?”

டீச்சர் வாயெடுப்பதற்குள் லில்லி முந்திக்கொண்டாள். “முழுசா படிச்சிட்டுச் சொல்லுங்க அங்கிள்.”

நாடகம் அன்றைக்கே நின்றுபோனது. காலனிப் பிள்ளை வாயிலிருந்து வந்த அந்த ‘அங்கிள்’ மட்டும் நிற்கவில்லை; டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. லில்லியின் அப்பா அருள்தாஸ் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. மகளைக் கூட்டி வந்து மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வெட்டோடு சரி என்று சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குச் சேதி வந்தது. சிவப்பிரகாசம் வேண்டாம் என்று சொன்ன ஆட்களைச் சுற்றுவட்டத்தில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. திருபுவனை கம்பெனியில் ஜெயசித்ராவுக்கு விடுமுறை. சர்ச் பூசைக்குக்கூடப் போகாமல் மகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

“இத பாரு லில்லி. ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துடலாம். வாய்ல வர்றதுதான, மனசுல இருந்தா வரப்போவுது?”

லில்லி தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “நீ கம்பெனில அப்படித்தான் சொல்லுவியாம்மா?”

ஜெயசித்ரா துடைப்பத்தை மூலையில் எறிந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். சிவப்பிரகாசத்தின் நிலத்துக்கு இந்தப் பக்கமெல்லாம் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். கயிற்றில் கட்டின கலர் கொடிகள் காற்றில் படபடத்தன. காற்று மேற்கிலிருந்து வந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

*

கரும்பு வெட்டு ஓரத்திலிருந்துதான் உள்ளே போகும். கடைசி நாளன்று வெட்டுக் கட்டைகளுக்கு நடுவே நாலு வீடு அளவுக்குக் கரும்பு நிற்கும். காட்டுப்பன்றி, முயல், பெருச்சாளி எது இருந்தாலும் வெட்ட வெட்டப் பின்வாங்கி அதற்குள்தான் ஒண்டும். அன்றைக்கு மட்டும் ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் சேர்ந்து நிற்பார்கள். கிழக்கே வலை கட்டுவார்கள். மேற்கே சோகைக்கு, காய்ந்த கரும்புத் தோகைக்கு, நெருப்பு வைத்துத் தகரம் தட்டுவார்கள். வெளியே வருவதை நாய்களும் கம்புகளும் பார்த்துக்கொள்ளும். கறியைப் பங்கு போடும்போது மறுபடி இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள்.

சிவப்பிரகாசத்தின் கரும்புக்கு இன்று கடைசி நாள். ஜெயசித்ரா போனபோது வலை கட்டியாகிவிட்டது.

தமிழ்க்குமரன் டிராக்டரில் சாய்ந்து நின்றான். மேலே சீட்டில் அவன் அப்பா சிவப்பிரகாசம் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருள்தாஸ் மனைவியையும் மகளையும் பார்த்ததும் வெட்டுக்கத்தியால் காலடி மண்ணைக் கீறினான். நிமிரவில்லை.

“வாம்மா,” என்றான் தமிழ்க்குமரன். “இவங்கதான் அந்தக் கதாசிரியரா? நாற்காலி எடுத்துப் போடவா?”

ஊர்ப் பையன்கள் சிரித்தார்கள். அருள்தாஸின் ஆட்களில் ஒருவனும் சேர்ந்து சிரித்தான். ஜெயசித்ரா அவனைப் பார்த்தாள். சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளும் எத்தனையோ முறை அப்படிச் சிரித்திருக்கிறாள்.

“சின்னப் புள்ள சின்ன மொதலாளி. புத்தி பத்தல,” என்றாள். மகளின் பிடரியில் கை வைத்து அழுத்தினாள். “சொல்லுடி.”

கழுத்து இறங்கவில்லை. அந்தச் சின்னக் கழுத்துக்குள் ஏதோ கெட்டியாக நின்று அவள் உள்ளங்கையை எதிர்த்தது.

“சுதா எங்க அங்கிள்?” என்று கேட்டாள் லில்லி.

தமிழ்க்குமரன் அறைந்தான். நிதானமாக ஓர் அடி எடுத்து வைத்து, கையை ஓங்கி அறைந்தான். லில்லி ஜெயசித்ராவின் மேல் வந்து மோதினாள். காலையில் தான் அடித்தபோது கேட்காத சத்தம் இப்போது ஜெயசித்ராவுக்குக் கேட்டது. ஈரத்துணியை உதறினால் வரும் சத்தம்.

“அவ பேர உன் வாயால சொல்லாத. அவ வில்லியனூர்ல அத்த வூட்டுக்குப் போயிருக்கா.”

அருள்தாஸ் நிமிர்ந்தான். நிமிர்ந்ததோடு சரி.

அந்த நேரம் பார்த்துக் கரும்புக்குள் சலசலப்பு. நாய்கள் ஒரே குரலில் குரைத்தன. “பன்னிடா, பன்னி அடைஞ்சிருக்கு,” என்று வெட்டு ஆள் சேவியர் தகரத்தைத் தூக்கினான். கூட்டம் முழுதும் திரும்பியது. மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

லில்லி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உதட்டோரம் ரத்தம். “அம்மா, அது பன்னி இல்ல. சுதா. அதான் எங்க கோட்ட. நடுவுல எடம் பண்ணி வச்சிருக்கோம். வூட்ல அடிச்சா அவ அங்கதான் வந்து ஒக்காந்துப்பா.”

“வாய மூடு.”

“நெசமாம்மா.” அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். “உள்ள சுதா இருக்கா. நெருப்பு வைக்காதீங்க.”

“அடுத்த கதையா?” என்றான் ஒருவன்.

“இதுல ராணி கரும்பு தின்றாளா?”

தமிழ்க்குமரன் சோகையைக் கால்களால் கூட்டிக் குவித்தான். லைட்டரைத் தட்டினான். நெருப்பை அவன் கையாலேயே வைத்தான்.

மாசி வெயிலில் காய்ந்த சோகைக்கு நெருப்பைக் காட்டினால் போதும். கொடிகளைப் படபடக்க வைத்த காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தகரச் சத்தம், நாய்ச் சத்தம், சீழ்க்கை. கணுக்கள் வெடித்தன. அதற்குள் ஒரு பிள்ளை கத்தினாலும் யாருக்குக் கேட்கும்.

கிழக்கே கரும்பு பிளந்தது. கறுப்பாக ஒரு பன்றி பாய்ந்து வந்து வலையில் விழுந்தது. ஈட்டி ஒன்று விலாவில் இறங்கியது. பன்றி வலையோடு சுழன்றது. கம்புகள் விழுந்தன. தலையில், முதுகில், முட்டியில். ஒருவன் வாயைக் கிழித்துக்கொண்டு சிரித்தபடி அடித்தான். அது சாவதற்கு நேரமெடுத்தது. செத்த பிறகும் அடித்தார்கள்.

தமிழ்க்குமரன் முகத்தில் தெறித்திருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு லில்லியைப் பார்த்தான்.

“வந்துட்டா பாரு உன் சுதா.”

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டதற்கும் பார்த்ததற்கும் கணக்குச் சரியாக இருந்தது. சலசலத்தது பன்றி. பிடித்தாயிற்று. மேஸ்திரி மகள் பொய் சொன்னாள். ஜெயசித்ராவுக்குக்கூட உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்து உட்கார்ந்தது. பொய்தான். நல்லவேளை.

“அவ இன்னும் உள்ளதான் இருக்காம்மா.”

ஜெயசித்ரா மகளைப் பார்த்தாள். லில்லி அழுதுகொண்டிருந்தாள். மூக்கும் வாயும் ஒழுக, நெஞ்சு ஏறி இறங்க அழுதாள். துடைப்பக்கட்டைக்கு அழாதவள். அத்தனை பேருக்கு நடுவே அறை வாங்கியும் அழாதவள்.

அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ஜெயசித்ராவுக்குள் எல்லாம் அடங்கிப்போனது. எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மூச்சாக இருக்கலாம். இது வரைக்கும் அவள் எந்த வார்த்தையையும் சொன்னவர் யார் என்று பார்த்துத்தான் நம்பியிருக்கிறாள். சூப்பர்வைசர் சொன்னால் உண்மை. மொதலாளி சொன்னால் உண்மை. தன் வீட்டிலிருந்து ஒரு சொல் புறப்பட்டால் அதை முதலில் சந்தேகப்படுகிறவள் அவள்தான். மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடம் ஏறாத இடத்தில் கட்டையால் ஏற்றப் பார்த்தாள்.

லில்லி கையை உதறிக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினாள். ஜெயசித்ரா அவள் பின்னலைப் பிடித்து இழுத்து, சுழற்றி, அருள்தாஸின் மேல் தள்ளினாள்.

“இவள புடி மாமா. வுட்டுடாத.”

ஆட்கள் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மைச் சாய்த்துத் தலையோடு ஊற்றிக்கொண்டாள். முந்தானையை மூக்குக்கு மேல் சுற்றிக் கட்டினாள். “ஏய் சித்ரா,” என்று அருள்தாஸ் கத்தியது பின்னால் கேட்டது. அவள் தெற்குப் பக்கமாகக் கரும்புக்குள் நுழைந்துவிட்டாள்.

*

உள்ளே வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. தோகை முகத்தைக் கீறியது. எந்தப் பக்கம் நடு என்று தெரியவில்லை. இடது காதுப் பக்கம் சூடு. அதை இடது பக்கமே வைத்துக்கொண்டு போனாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. தரையில் கிடந்த சோகை புகைய ஆரம்பித்திருந்தது. நெஞ்சுக்குள் போன புகை திரும்பி வரவில்லை.

தவழ்ந்தாள். மண்ணோடு மண்ணாக முகத்தை வைத்தால் கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

கை ஒரு காலில் பட்டது.

கரும்புகளை மடக்கி, தோகையைப் பின்னி, இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற அளவுக்கு ஓர் இடம். சுதா காதுகளைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறாமல் இங்கே வந்து ஒளிந்தவள், நாய்களுக்குப் பயந்திருக்கிறாள். கண் திறந்திருந்தது. ஆனால் பார்க்கவில்லை.

“சுதா. வா கண்ணு. லில்லி அம்மாடா.”

பிள்ளை நகரவில்லை. ஜெயசித்ரா அவளைப் பிடித்துத் தூக்கியபோது சட்டை மேலேறியது. முதுகில் பட்டையான தடிப்புகள். சில கறுத்திருந்தன. சில புதியவை, இன்று காலையில் விழுந்தவை. பெல்ட் பக்கிள் பட்ட இடத்தில் தோல் பிய்ந்திருந்தது.

லில்லியோடு சேராமல் இருக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். வேறு என்ன இருக்கப்போகிறது.

ஈர முந்தானையை அவிழ்த்துப் பிள்ளையின் தலையில் போட்டாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வந்த வழி இப்போது எரிந்தது. பன்றி பிளந்துகொண்டு போன வழி மட்டும் திறந்திருந்தது. அதில் ஓடினாள். செருப்பில்லாத கால் தணலில் பதிந்தபோது யாரோ அலறினார்கள். அது தன் குரல்தான் என்று தெரிய நேரமாயிற்று. முடி கருகும் நாற்றம். இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி. வலை தடுக்கி, செத்த பன்றியின் மேலேயே பிள்ளையோடு விழுந்தாள்.

தகரம் நின்றது.

*

முதலில் நகர்ந்தவர் சிவப்பிரகாசம். டிராக்டரிலிருந்து இறங்க முயன்று, முடியாமல், படியிலேயே நின்றுவிட்டார்.

தமிழ்க்குமரன் வந்து குனிந்தான். முகம் வெளுத்திருந்தது. “குடு,” என்றான். கையை நீட்டினான். “குடு எம் பொண்ண.”

சுதா இருமினாள். அப்பாவின் கை தோளில் பட்டதும் ஜெயசித்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நகம் பதிந்தது. ஜெயசித்ராவின் மடி சூடாக நனைந்தது. பிள்ளை மூத்திரம் விட்டிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும்,” என்றாள் ஜெயசித்ரா. தொண்டை கீறிக்கொண்டு வந்தது. “மூச்சு இழுக்குது பாரு.”

“வூட்டுக்குப் போனா சரியாப் பூடும். குடு.”

“ஆஸ்பத்திரிக்கு.”

“வூட்டுக்குன்றன்.” அவன் குரல் தாழ்ந்தது. “டாக்டர வூட்டுக்கு வரவழைப்பேன். நீ குடு.”

அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றுவார்கள். முதுகைப் பார்த்தால் கேட்பார்கள்.

“குடுக்க மாட்டேன்.”

அவளுடைய வாயிலிருந்து அந்தச் சொல் இதற்கு முன்னால் வந்ததில்லை. அவளே அதை யாரோ சொன்னதுபோலக் கேட்டாள்.

தமிழ்க்குமரன் பக்கத்தில் கிடந்த கரும்பை எடுத்து வீசி அடித்தான். காதுக்கு மேலே விழுந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவதற்கு ஓங்கியபோது பிள்ளையின் மேல் படாமல் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கரும்பு ஒடிந்து தெறித்தது. புருவத்தில் இறங்கிய ரத்தம் கண்ணை மறைத்தது. மறையாத கண்ணில் அருள்தாஸ் தெரிந்தான். லில்லியைச் சேவியரிடம் விட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தான். வெட்டுக்கத்தி கையில். கரும்பின் அடியை வெட்டப் போகிறவன்போல முழங்கை மடங்கியிருந்தது.

ஊர்ப் பையன்கள் ஈட்டியைத் திருப்பிப் பிடித்தார்கள். வெட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் கத்தியோடு எழுந்தார்கள். சற்று முன்னால் சிரித்தவனும் எழுந்தான்.

“மாமா, வாணாம்,” என்றாள் ஜெயசித்ரா. “கத்தியப் போடு. வண்டிய எடு.”

அருள்தாஸ் நின்றான். நெருப்பு மட்டும் யாரையும் கேட்காமல் எரிந்துகொண்டிருந்தது.

வரப்பில் ஒரு பெண் ஓடி வந்தாள். சுதாவின் அம்மா கல்பனா. யாரோ போன் போட்டிருக்க வேண்டும். நைட்டி மேல் துண்டு, வெறுங்கால். மகளைப் பார்த்தாள். ஜெயசித்ராவின் முகத்தைப் பார்த்தாள். கணவன் கையில் ஒடிந்த கரும்பைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள் ஜெயசித்ரா. “முதுகப் பாத்தேன்.”

கல்பனா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“பெல்ட்டு,” என்றாள் கல்பனா. எல்லோருக்கும் கேட்கும்படி. “அவரு பெல்ட்டு.”

“ஏய்.”

“தூக்கினு போ சித்ரா.”

தமிழ்க்குமரன் மனைவியின் பக்கம் திரும்பினான். அந்த ஒரு திருப்பம் போதுமாக இருந்தது. அருள்தாஸ் கத்தியை எறிந்துவிட்டு பைக்கை உதைத்தான். ஜெயசித்ரா பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள். வெந்த பாதம் சைலன்சரில் பட்டது; வலி எங்கோ தூரத்தில் இருந்தது. மனைக் கற்களுக்கு நடுவே மண் பாதையில் வண்டி குதித்து ஓடியது.

சுதாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒன்று.

பின்னால் இன்னொரு பைக் புறப்படும் சத்தம். ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தாள்.

பாதை குறுகும் இடத்தில், இரண்டு மனைக் கற்களுக்கு நடுவே, லில்லி நின்றுகொண்டிருந்தாள். சேவியரின் பிடியிலிருந்து நழுவி எப்படிக் குறுக்கே ஓடி வந்தாளோ. சின்ன உடம்பு பாதையை அடைத்து நின்றது. அவளுக்கு அந்தப் பக்கம் தமிழ்க்குமரனின் வண்டி. பின்னால் உட்கார்ந்திருந்த பையன் கையில் பன்றி ஈட்டி. வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை. லில்லி நகரவில்லை.

கண்ணாடியில் அருள்தாஸும் பார்த்துவிட்டான். வண்டி தடுமாறியது.

“சித்ரா,” என்றான். “நிறுத்தவா?”

மடியில் இருந்த பிள்ளை வாயைத் திறந்து காற்றைத் தேடியது. கிடைக்கவில்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

ஜெயசித்ரா பிள்ளையின் வாயில் தன் வாயை வைத்து ஊதினாள். நிமிர்ந்து ஒரு மூச்சு இழுத்தாள்.

“போ,” என்றாள்.